நீலப் படகு நின்ற இடம்

நாற்பத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்குப் போய்த் திட்டு வாங்கிய பெருமை எனக்கு உண்டு. திட்டிய ஆசிரியைக்கு வயது முப்பது. "அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டேதான் திட்டினார்.

"அக்கா, ஒரு டம்ளர வரைஞ்சிட்டு வாங்கன்னுதானே சொன்னேன்? நீங்க நண்டு வரைஞ்சிட்டு வந்திருக்கீங்க."

எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் எவர்சில்வர் டம்ளர், அதை வரைய உட்கார்ந்தால் என் மூக்குதான் பூதாகாரமாகத் தெரிகிறது, அதற்கு நண்டு பரவாயில்லை என்று சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும், யோசனை அதற்கப்புறம் மெதுவாக வந்து சேரும். யோசனை வந்து சேர்ந்த பிறகு, அடுத்த வாரம் டம்ளரையும் அதில் தெரிந்த என் மூக்கையும் சேர்த்தே வரைந்துகொண்டு போனேன். ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டி வைத்தார்.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஏரியில் இறால் பிடிப்பவர். நான் அதை ஐஸ் பெட்டியில் அடைத்துப் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பவள். ஓவியத்துக்கும் எனக்கும் உறவு உண்டானதே அந்தத் தெர்மோகோல் பெட்டியால்தான். எதில் என்ன மீன் இருக்கிறது என்று தெரியாமல் ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறவர்கள் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்ப்பார்கள். ஐஸ் எல்லாம் உருகிவிடும். எழுதி வைக்கலாம் என்றால் என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால் மார்க்கர் பேனாவால் மூடியின் மேல் மீனையே வரைந்து வைக்க ஆரம்பித்தேன். மடவை, இறால், பச்சை நண்டு, கெளுத்தி.

அடையாளத்துக்கு நாலு கோடு போதும். ஆனால் நான் நாலு கோட்டோடு நிறுத்தவில்லை. மடவையின் தடித்த உதட்டை ஒருநாள் சரியாகக் கொண்டுவந்துவிட்டேன். அன்று முழுக்க வியாபாரத்தில் மனசு போகவில்லை. கெளுத்திக்கு மீசை வைக்கும்போது ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கெளுத்திக்கு மீசை வைத்தேன், சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்?

ஒரு நாள் இறால் வாங்க வந்த பெண் ஒருவர் இறாலை விட்டுவிட்டு மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். "யார் வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றேன், ஏதோ தப்பு செய்துவிட்ட குரலில். "இறால் வேணாம்க்கா, இந்த மூடியத் தருவீங்களா?" என்றார். அவர்தான் அந்த ஆசிரியை. சென்னையில் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காகச் சனி ஞாயிறுகளில் நடக்கும் இரண்டு வருட ஓவியப் படிப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னார். மூடியைக் கொடுத்தேன். இறாலையும் கட்டாயப்படுத்தி வாங்க வைத்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"போயிட்டு வாமே. ஆனா நீ படிச்சிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தாத."

அப்படித்தான் சனிக்கிழமைக் காலைகளில் பொன்னேரி ஸ்டேஷனில் ஒரு பெரிய அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மின்சார ரயில் ஏறுகிறவளாக ஆனேன். லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மீன்கூடையோடு ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள், அட்டையோடு ஏறினால் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் அதே ஆள்தான், அதே வாசனைதான். இதை நினைத்து நான் பல நாள் ரயிலில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

வகுப்பில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம், இருப்பதை இருந்த இடத்திலேயே வைக்கவேண்டியதில்லை என்பதுதான். ஆரம்பத்தில் நான் எதையும் நகர்த்த மாட்டேன். மரம் அங்கே நின்றது, அதனால் படத்திலும் அங்கே நிற்கும். ஆசிரியை ஒருநாள் என் படத்தில் இருந்த பனைமரத்தின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்தார். பிறகு அதே அளவில் இன்னொரு காகிதத்தை இடது பக்கம் ஒட்டினார். "இப்ப பாருங்க" என்றார். பார்த்தேன். படம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஆண்டவன் நட்ட மரத்தைப் பிடுங்கி நான் வேறு இடத்தில் நடலாம், கேட்பாரில்லை! அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்டதை எல்லாம் மனசுக்குள் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியை, கோயில் கோபுரத்தை, நாத்தனார் வீட்டை.

இரண்டு வருடம் முடியும் நேரத்தில் ஒவ்வொருவரும் பெரிதாக ஒரு படம் செய்து கண்காட்சியில் வைக்கவேண்டும். வெளியிலிருந்து ஓர் ஓவியர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். அதில்தான் தேறுவதும் தேறாததும். நான் ஏரியை எடுத்துக்கொண்டேன். விடிகிற நேரத்தில் இறால் வலை கட்டி நிற்கும் படகுகள். தை மாதத்தில் ஒரு காலை நான் கரையிலிருந்து செல்போனில் எடுத்த போட்டோ இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆறடிக்கு நாலடித் துணியில் வரைய ஆரம்பித்தேன்.

ஆறடிச் சட்டம் எங்கள் வீட்டு வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தோம், படுக்க வைத்துப் பார்த்தோம், என் கணவர் வாசற்காலைப் பெயர்த்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தார். கடைசியில் ஊருக்குப் பொதுவான வலைக் கொட்டகையில் ஒரு மூலையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே எப்போதும் பத்துப் பேர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆக, நான் கோடு போடும்போது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோடு போடாதபோது ஏன் போடவில்லை என்று கேட்டார்கள்.

"கொடி தெக்கால பறக்குது, தண்ணி மட்டும் கெயக்கால சுழிக்குது. இன்னா காத்துமே அது?"

"கழிய நெட்டா ஊனிக்கிற. நெட்டா ஊனினா வலை நிக்குமா? கொஞ்சம் சாயணும்."

"நம்ம கோடி வீட்டு ஆளுக்கு இவ்ளோ முடி கெடையாது."

எல்லாவற்றையும் திருத்தினேன், முடி உட்பட. தெற்கே தெரியும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்களை மட்டும் நான் வரையவே இல்லை. வானத்தைச் சுத்தமாக விட்டுவிட்டேன். ஒருத்தர் கூட "கிரேன் எங்கே?" என்று கேட்கவில்லை. மாறாக ஒரு பெரியவர், "ஆங், இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா கீது" என்றார். அந்த ஒரு பொய்க்கு ஊர் மொத்தமும் சம்மதம்.

இங்கே எங்கள் ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில்தான் இறால் நன்றாகப் படும். அந்த இடங்களுக்குப் பாடு என்று பெயர். நினைத்தவர் நினைத்த பாட்டில் கழி ஊன்ற முடியாது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் திருட்டை விடக் கேவலம். பெண்களுக்கு அந்தச் சீட்டில் பங்கு கிடையாது. நான் ஏரியைக் கரையிலிருந்து பார்த்தே பழகியவள். யார் எங்கே நிற்கலாம் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஊறிய விஷயம் இல்லை. பின்னால் நான் செய்த ஒரு தப்புக்கு அதுதான் காரணம் என்று தோன்றியது.

சீட்டை எடுக்கிற கை யாருடையது என்பதும் முக்கியம். குடத்துக்குள் கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்தக் கையை ஊர் நம்பவேண்டும். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடத்திலிருந்து அது என் கணவருடைய கைதான். இப்போது மகள் காலேஜே முடித்துவிட்டாள். இந்த மனிதருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது. சீட்டு எடுக்கும் நாளன்று மட்டும் இஸ்திரி போட்ட சட்டை கேட்பார்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தபோது படத்தைப் போட்டோ எடுத்து ஆசிரியைக்கு அனுப்பினேன். "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. ஆனா வலது மூலை தூங்குது. அங்க எதையாவது வச்சு எழுப்பி விடுங்க" என்று பதில் வந்தது. எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. படம் முழுக்கச் சாம்பலும் செம்மண்ணுமாக இருந்தது. ஒரு நீலம் வேண்டும். ஊரிலேயே மஞ்சள் பட்டை போட்ட நீலப் படகு எங்களுடையது ஒன்றுதான், போட்டோவில் அது இல்லை. அன்று மத்தியானம், கொட்டகையில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், எங்கள் படகைக் கொண்டுவந்து வலது மூலையில் நிறுத்தினேன். மூலை விழித்துக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் நான் அன்று இரண்டு தடவை டீ குடித்தேன்.

மறுநாள் காலையில் கொட்டகைக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம். எதிர்வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். என் கணவரை விடப் பத்து வயது சின்னவர், வாய் ஓயாத ஆள், இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

"அண்ணி, அண்ணன் எப்பத்திலேர்ந்து எங்க எடத்துல வலை கட்டிக்கினு கீறாரு?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மற்ற படகுகளை எல்லாம் அந்தத் தை மாதத்துக் காலையில் நின்றபடியே அச்சு அசலாக வரைந்திருந்தேன். அவை நிற்கிற வரிசையைப் பார்த்த உடனே அது எந்த நாள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நாளில் வலது மூலையில் இருந்த இடம் எதிர்வீட்டுக்காரரின் முறை. நான் போட்டோ எடுத்தபோது அவர் வலையை அவிழ்த்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டதால் அந்த இடம் காலியாகத் தெரிந்திருக்கிறது. அங்கேதான் சீட்டு எடுக்கிறவரின் படகை, மஞ்சள் பட்டையோடு, யாருக்கும் சந்தேகம் வராதபடி நிறுத்தியிருந்தேன்.

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். கீழே சிரிக்கிற முகம் நாலு. அதோடு நின்றிருந்தால் சரி. மத்தியானத்துக்குள் அது பக்கத்துக் குப்பங்களுக்கெல்லாம் போய்விட்டது. அங்கே இருப்பவர்களுக்கு இது விளையாட்டு என்று யார் சொல்வது? "வூட்டுக்காரியே படம் போட்டுக் காட்டிக்கினு கீறா, நெஜத்துல எத்தினி வாட்டி நடந்துச்சோ" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். டீக்கடையில் என் கணவரிடமே ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டாராம்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அந்த மாதச் சீட்டு, கண்காட்சிக்கு மறுநாள் எடுப்பதாக இருந்தது. "வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்கன்னு ஊர்ல சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது படம்யா! படத்துல ஒரு படகு நின்னா உன் மானம் போயிடுமா?"

"இத்தினி வருசத்துல ஒரு நாள் அடுத்தவன் எடத்துல நான் கழி ஊனினது இல்ல. நீ ஊன வச்சிட்ட."

"கிரேன எடுத்தப்போ மட்டும் எல்லாரும் பல்ல இளிச்சீங்களே? அது பொய் இல்லியா?"

"கிரேனுக்கு மானம் கெடையாது" என்றார் அவர். "எனக்குக் கீது."

வாக்குவாதத்தில் தோற்றால் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்ப்பது என் பழக்கம். அன்று எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் பளபளத்தன.

மறுநாள் ஆசிரியைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் என் பக்கம்தான் பேசினார், நல்ல எண்ணத்தோடுதான் பேசினார். "அது உங்க படம்க்கா. எதை எங்க வைக்கிறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அவங்களுக்குப் படம் பார்க்கத் தெரியல, அவ்வளவுதான். அழிச்சிடாதீங்க."

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் "படம் பார்க்கத் தெரியல" என்று அவர் சொன்னது முள்ளாக உறுத்தியது. யாருக்குப் பார்க்கத் தெரியவில்லை? கழி சாய்ந்திருக்கிற கோணத்தைப் பார்த்தார்கள். காற்றைப் பார்த்தார்கள். எட்டுப் படகு நின்ற வரிசையை வைத்து அது எந்த நாள் என்று சொன்னார்கள். சென்னையில் நாங்கள் கண்காட்சிகளுக்குப் போவோம். அங்கே வருகிறவர்கள் ஒரு படத்தின் முன்னால் அரை நிமிடம் நின்று, தலையைச் சாய்த்து, "ம்" என்று சொல்லி, செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான். என் படத்தை எங்கள் ஊர் ஆட்கள் பார்த்த மாதிரி இனி யாரும் பார்க்கப்போவதில்லை. நான் வரைந்ததை அவர்கள் நம்பினார்கள். அந்தப் படகை நான் நம்பி வரையவில்லை. அது எனக்கு ஒரு நீல வண்ணம், அவ்வளவுதான். அந்தப் படகுக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குத்தான் நான் தினமும் சோறு போடுகிறேன் என்பது தூரிகையைப் பிடித்தபோது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

படகை அழிப்பது சுலபம். வெள்ளை அடித்து, சாம்பல் பூசினால் அரை மணி நேர வேலை. ஆனால் மூலை மறுபடி தூங்கிவிடும். அதற்கும் மனசு ஒப்பவில்லை. இரண்டு வருடம் ரயில் ஏறி, அந்த மூலை தூங்குகிறது என்று தெரிந்துகொள்கிற கண்ணைச் சம்பாதித்திருக்கிறேன். அதை எப்படிச் சும்மா விட்டுவிடுவது?

யோசனை வழக்கம்போல மெதுவாக வந்து சேர்ந்தது. மத்தியானம் கணவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, படத்துக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"இந்த மூலை எடம் உன் மொறையா வந்த நாளு ஒன்னு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "எதுக்கு?"

"நீ சொல்லுய்யா."

விரல் விட்டு எண்ணினார். பிறகு, "மாசி மாசத்துல ஒரு நாளு" என்றார்.

"அன்னைக்கு மத்தவங்கெல்லாம் எங்க நின்னாங்க?"

"அத்தினியும் மாத்தப் போறியா?"

"அந்த நாளையே மாத்தப் போறேன்" என்றேன்.

படகை நகர்த்தாமல் மற்ற எட்டையும் நகர்த்துவது என்று ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் சாக்பீஸால் குறித்தேன். கோடி வீட்டு ஆள் இடது ஓரம். ஊரில் சேர்ந்து தொழில் செய்யும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி. அன்று தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், அதனால் எல்லாப் படகும் மூக்கை இந்தப் பக்கம் திருப்பியிருக்கும். முதலில் முனகலாகச் சொன்னவர் போகப் போக எழுந்து நின்று கையை நீட்டிச் சொன்னார். கொட்டகையில் இருந்தவர்களும் வலையை வைத்துவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். எந்தப் படகு எந்தப் படகை மறைக்கும் என்று ஒரு சண்டையே நடந்தது. நான் ஒரு சாக்பீஸ் டப்பாவைத் தீர்த்தேன்.

கடைசியில் நடுவில் பெரிதாக ஓர் இடம் மிஞ்சியது. மற்ற எல்லாவற்றையும் விட நல்ல இடம் அது.

"இங்க யாரு?" என்று கேட்டேன்.

என் கணவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க யாரும் இல்ல. அது எதிர்வூட்டுத் தம்பி மொறை. அவங்க நைனா போயி ஆறாவது நாளு அது. அவன் துக்கத்துல வூட்ல குந்திக்கினு இருந்தான்."

"வேற யாராச்சும் கட்டியிருக்கலாமே?"

"கட்டியிருக்கலாம். வெறும் எடந்தானே. யாருக்கும் கட்டத் தோணல."

அவ்வளவுதான் சொன்னார். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லையாம். ஒவ்வொருவரும் தன் தன் இடத்துக்குப் போகும்போது நடுவில் இருந்த அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்களாம். எதிர்வீட்டுக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். துக்க வீட்டில் போய் இதைச் சொல்லிக் காட்டுவதா என்று ஒருத்தர் என்னையே திருப்பிக் கேட்டார். அதன்பிறகு சொல்லத் தோன்றவும் இல்லையாம்.

அடுத்த பத்து நாளும் நான் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. எட்டுப் படகை அழித்து எட்டுப் படகு வரைந்தேன். நடுவில் தண்ணீர் மட்டும். சும்மா விட்ட தண்ணீர் வேறு, யாரோ நிற்கவேண்டிய தண்ணீர் வேறு என்பது அதை வரைய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒன்றரை அடியை மட்டும் நாலு தடவை திரும்பத் திரும்பச் செய்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்ததில்லை. எதிர்வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. தன் விளையாட்டு இப்படி ஆகிவிட்டதே என்ற கூச்சம் அவருக்கு. தெருவில் என்னைப் பார்த்தால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருடனோ பேசுவது போல நடந்துபோவார். என் கணவரும் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து திருத்தினாரே தவிர, சீட்டு எடுப்பதைப் பற்றிக் கேட்டால் "அதான் சொல்லிட்டேனே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். படம் சரியானால் பேச்சு சரியாகிவிடுமா என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கண்காட்சி அன்று எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. கூடத்து வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். ஆசிரியைக்கு ஒரு பை கருவாடு. அதன் வாசனை கூடம் முழுக்கப் பரவியதில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கவேண்டியதாயிற்று. என்னோடு படித்த ரிட்டயர்டு பேங்க் அதிகாரி ஒருவர் சிவப்புச் சதுரங்களாக ஒரு படம் செய்திருந்தார். கோடி வீட்டுக்காரர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று, "இதுல எந்தக் காத்து அடிக்குது?" என்று அவரிடமே கேட்டார். பேங்க் அதிகாரி பாவம், நிஜமாகவே யோசித்தார். கடைசியாக வேனிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் பின்னால் எதிர்வீட்டுக்காரரும் வந்தார். என் கணவர் வரச் சொல்லிக் கூப்பிட்டாராம். எனக்கு அது அங்கேதான் தெரிந்தது.

ஆசிரியை என் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்த ஓவியர் பெரிய கண்ணாடி போட்ட பெண்மணி. அவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"நடுவுல இவ்வளவு பெரிய இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க. சாதாரணமா யாரும் செய்ய மாட்டாங்க. ஏன் விட்டீங்க?"

இதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து எதிர்வீட்டுக்காரரின் குரல் வந்தது. பத்து நாள் அடக்கி வைத்த வாய் அல்லவா.

"நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன் அண்ணி. நடுவுல ஒரு படகு நிக்கணுமே, இன்னா மறந்துட்டீங்களா?"

எங்கள் ஊர் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்தார்.

"மறக்கல. நல்லாப் பாரு. இது மாசி மாசம். மூலையில நானு. ஓரத்துல கோடி வூடு. அப்போ நடுவுல யாரு மொறை?"

எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். படகுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது உதட்டில் தெரிந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எங்க மொறை" என்றார். பிறகு, "எங்க நைனா செத்த வாரம் அது."

"ஆமா."

"அன்னைக்கு... யாரும் கட்டலியா? யாராச்சும் கட்டிக்கினு இருப்பாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேனே."

"யாரும் கட்டல" என்றார் என் கணவர்.

எதிர்வீட்டுக்காரர் திரும்பி, வந்திருந்த ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கண்ணாடிப் பெண்மணி குறிப்பேட்டை மூடிவிட்டு ஒதுங்கி வழி விட்டார். எதிர்வீட்டுக்காரர் படத்துக்கு மிக அருகில் போய் அந்த வெறும் தண்ணீரின் முன்னால் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

வெகுநேரம் கழித்துத் திரும்பினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கணவரிடம் சொன்னார்.

"நாளைக்கு சீட்டு நீ எடுண்ணா. வேற எவன் கையி கொடத்துக்குள்ள போனாலும் நான் வாங்க மாட்டேன்."

"சரிடா" என்றார் என் கணவர்.